டிரைவ் வாங்க மானியம் இருக்கு, எர்த் போட்டாங்களான்னு யாருங்க பாக்கறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் நம்ம பேப்பர்ல நூல் மில்லுக கரண்ட் செலவை எப்படி குறைக்கறாங்கன்னு ஒரு செய்தி வந்திருந்துச்சு. மோட்டாருக்கு விஎஃப்டி டிரைவ் (மோட்டார் ஸ்பீடைக் கூட்டி குறைக்கற பெட்டி) மாட்டுனா கரண்ட் பாதியா குறையும், பீஸ் (PEACE)ங்கற திட்டத்துல, கரண்ட் எங்க வீணாகுதுன்னு பாக்கற எனர்ஜி ஆடிட்டுக்கும் மெஷினுக்கும் அரசாங்கம் மானியம் குடுக்குதுன்னு எழுதியிருந்தாங்க. ரெண்டும் பொய் இல்லீங்க, ஆனா வாங்குனதுக்கு அப்பறம் என்ன ஆகுதுன்னு அதுல ஒரு வரி கூட இல்ல. நான் பல்லடம், சோமனூர் பக்கம் மில்லுகள்ல ரொம்ப வருஷம் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ்ல இருந்துட்டு இப்ப தனியா டிரைவ் சர்வீஸ் பாக்கறேன். என்கிட்ட எரிஞ்சு வர்ற டிரைவ்ல முக்கால்வாசி தானா கெட்டுப்போனது இல்ல, மாட்டுன லட்சணத்துலயும் மாட்டுனதுக்கு அப்பறம் யாரும் திரும்பிப் பாக்காததுலயும் கெட்டுப்போனது. மொதலாளிக கடைசியில "இந்த கம்பெனி டிரைவே சரியில்ல"ன்னு சொல்லி வேற கம்பெனி வாங்கறாங்க, அதுவும் ரெண்டு வருஷத்துல அதே பேனல்ல அதே மாதிரி போகுது.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிடறேன். நம்ம மோட்டார் ஸ்பீடை ஈபி லைன்தான் முடிவு பண்ணுது, 50 ஹெர்ட்ஸ்ல 4 போல் மோட்டார்னா நிமிஷத்துக்கு 1500 சுத்து, லோடு வந்தா 1440 பக்கம் சுத்தும், அதைக் குறைக்கணும்னா புல்லிய மாத்தணும். டிரைவ் என்ன பண்ணுதுன்னா வர்ற 415 வோல்ட் ஏசிய டிசியாக்கி பெரிய பெரிய கெப்பாசிட்டர்ல கிட்டத்தட்ட 580 வோல்ட்டா தேக்கி வெச்சுக்குது, அப்பறம் ஐஜிபிடின்னு சொல்ற ஸ்விட்சுகளை செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆன் ஆஃப் பண்ணி நாம கேக்கற ஹெர்ட்ஸ்ல புது ஏசிய உண்டாக்கி மோட்டாருக்கு அனுப்புது. டென்மார்க்ல டான்ஃபாஸ் கம்பெனி 1968லயே இதை ஃபேக்டரியில மொத்தமா செஞ்சு விக்க ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம மில்லுகள்ல இதோட அருமை நூல் நூக்கற ரிங் ஃபிரேம் மெஷின் ஓட்டுனவங்களுக்குத்தான் தெரியும், காப் (நூல் சுத்தற கண்டு) ஆரம்பத்துலயும் முடிவுலயும் மெதுவா ஓட்டி நடுவுல வேகமா ஓட்டுனா நூல் அறுந்து போறது குறையும், அதை இன்னைக்கு டிரைவ் தானாவே பண்ணுது, முன்னாடி புல்லிய கழட்டி மாத்தி ஒரு ஷிஃப்ட்டே போயிரும். அதனால நான் டிரைவுக்கு எதிரி இல்லீங்க, அது எனக்கு சோறு போடற சாமான்.

மொதல்ல "பாதியா குறையும்"ங்கற பேச்சைப் பாப்போம். ஃபேனுக்கும் சென்ட்ரிஃபியூகல் பம்புக்கும் ஸ்பீடை 80 சதவீதமா குறைச்சா பவர் அதை மூணு தடவை பெருக்குன அளவுக்கு இறங்கும், அதாவது 0.8 பெருக்கல் 0.8 பெருக்கல் 0.8, ஏறக்குறைய 51 சதவீதத்துக்கு வந்துரும். மில்லுக்குள்ள ஈரக்காத்து விடற ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்ல முழு லோடுல ஓடற 20 எச்பி ஃபேனை 50லருந்து 40 ஹெர்ட்ஸுக்கு இறக்குனா மணிக்கு 7 யூனிட் பக்கம் மிச்சம், 24 மணி நேரம் ஓடுனா நாளைக்கு 170 யூனிட் கிட்ட வரும், இது நெசம். ஆனா ஏஜென்ட் என்ன பண்றார்னா இந்த கணக்கையே எல்லா மோட்டாருக்கும் காட்டறார். கன்வேயர் மாதிரி மெஷினுக்கெல்லாம் இந்த கணக்கு பொருந்தாதுங்க, அங்க ஸ்பீடு எவ்வளவு குறையுதோ பவரும் ஏறக்குறைய அவ்வளவுதான் குறையும், ஸ்பீடு குறைஞ்சா உற்பத்தியும் குறையும். வருஷம் பூரா 50 ஹெர்ட்ஸ்லயே ஓட வேண்டிய மோட்டாருக்கு டிரைவ் மாட்டுனா மிச்சம் ஆகறது ஒண்ணும் இல்ல, டிரைவுக்குள்ளயே 2, 3 சதவீதம் சூடா போகும், அந்தக் காசையும் நாமதான் கட்டணும். ஆயிரம் அடி போர்வெல்லுக்கு டிரைவ் மாட்டி பாதி கரண்ட் மிச்சம்னு சொல்றவங்களையும் பாத்திருக்கேன். தண்ணிய அத்தனை ஒசரம் தூக்கியே ஆகணும், 40 ஹெர்ட்ஸுக்கு இறக்குனா பம்போட தூக்கற சக்தி 64 சதவீதத்துக்கு வந்துரும், மட்டம் கீழ போயிருந்தா மேல ஒரு சொட்டு வராது, பம்பு கீழ வெறும்னே கலக்கிட்டு சூடாயிட்டு இருக்கும். எங்க மாட்டணும், எங்க மாட்டக்கூடாதுன்னு சொல்றதுக்குத்தானே எனர்ஜி ஆடிட்டு, ஆனா நிறைய இடத்துல டிரைவ் விக்கறவர் குடுக்கற பேப்பரே ஆடிட் ரிப்போர்ட்டா போயிருதுன்னு பேச்சு, அதை நீங்கதான் விசாரிச்சு எழுதணும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், சூடும் பஞ்சும். 75 கிலோவாட் டிரைவ் ஒண்ணு முழு லோடுல ஓடறப்ப ஒன்றரை ரெண்டு கிலோவாட் சூட்டை வெளிய விடும். அதை தகர பேனலுக்குள்ள வெச்சு பூட்டறதுங்கறது ரெண்டு கிலோவாட் ஹீட்டரை ஆன் பண்ணி பீரோவுக்குள்ள வெச்சு பூட்டற கதைதான். டிரைவோட தகட்டுல 40 டிகிரின்னு போட்டிருப்பான், அது டிரைவைச் சுத்தி இருக்கற காத்தோட சூடு, டிபார்ட்மென்ட் சூடு இல்ல. நம்ம ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட்டே 33, 35 டிகிரி இருக்கும், பேனலுக்குள்ள சாதாரணமா 50 தாண்டிரும். உள்ள இருக்கற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு ஏறுனா ஆயுசு பாதின்னு ஒரு கணக்கு உண்டு, பத்து வருஷம் வர வேண்டியது அஞ்சு வருஷத்துல உப்பிப் போயிரும். கூலிங் ஃபேன் மூணுலருந்து அஞ்சு வருஷத்துல மாத்த வேண்டிய சாமான், ஆனா சத்தம் போட்டு நின்னு போற வரைக்கும் யாரும் மாத்தறதில்ல. டிரைவ் வெலையோட பாத்தா ஃபேன் வெலை ஒண்ணுமே இல்லீங்க, அதை மாத்தாம விட்டு ஐஜிபிடி போயி லட்ச ரூபா செலவு பண்ண மொதலாளிகளை எனக்கே தெரியும்.

ஓவர்ஹீட் டிரிப் வந்தா நம்ம ஆளுக பண்ற வைத்தியம் என்னன்னா பேனல் கதவைத் தொறந்து வெச்சு முன்னாடி ஒரு பெடஸ்டல் ஃபேனை வெச்சு விடறது. நீங்க எந்த மில்லுக்கு வேணா போய்ப் பாருங்க, ஒரு கதவாவது தொறந்திருக்கும். அன்னைக்கு டிரிப் நின்னுரும், ஆனா அந்த ஃபேன் டிபார்ட்மென்ட்ல பறக்கற பஞ்சு பூராத்தையும் டிரைவுக்குள்ள தள்ளும். டிரைவோட சூட்டை இழுத்து வெளிய விடற ஹீட்சிங்க் றெக்கைகளுக்கு நடுவுல பஞ்சு போய் மெத்தையாட்டம் அடைச்சுரும், வெளிய இருந்து பாத்தா ஃபேன் சுத்துது, காத்து மட்டும் போகாது. அதுக்கு மேல ஹியூமிடிட்டி வேற, 55, 60 சதவீதம் ஈரப்பதத்துல வெச்சிருக்கற காத்து, பஞ்சு அந்த ஈரத்தை உறிஞ்சி போர்டு மேல ஒட்டிக்கிட்டா ஒரு நாள் ராத்திரி ஷிஃப்ட்ல டப்புன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த வைத்தியம் ஏர் அடிக்கறது, கம்ப்ரஸர் ஹோஸை எடுத்து டிரைவுக்குள்ள நேரா பீச்சறது. மில்லு ஏர் லைன்ல தண்ணியும் எண்ணெயும் இல்லாம எங்கீங்க இருக்கு? அது போர்டு மேல போய் படியும், பஞ்சும் வெளிய வராம இன்னும் உள்ள போய் சிக்கும், கூலிங் ஃபேனும் ஏர் வேகத்துல கன்னாபின்னான்னு சுத்தி அதோட பேரிங் போகும். சின்ன வேக்குவம் கிளீனரும் மெத்துனு ஒரு பெயின்ட் பிரஷும் போதும், லைனை ஆஃப் பண்ணி, கெப்பாசிட்டர்ல சார்ஜ் இறங்குனதுக்கு அப்பறம், மாசத்துக்கு ஒரு தடவை. பேனலைப் போடறப்பவே பஞ்சு இல்லாத ரூம்ல போட்டுட்டா, இல்ல ஹீட்சிங்க் பேனலுக்கு பின்னாடி வெளிய நிக்கற மாதிரி மாட்டிட்டா இதுல பாதி வேலையே இல்ல, ஆனா கொட்டேஷன்ல அந்த செலவைப் போட்டா ஆர்டர் பக்கத்து கடைக்குப் போயிரும்னு பேனல் போடறவங்க பயப்படறாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியல.

அடுத்தது எர்த்து. தலைப்புலயே அதைத்தான் கேட்டிருக்கேன். டிரைவ் குடுக்கற ஏசி ஈபி லைன் மாதிரி வழவழன்னு வர்றது இல்ல, வெட்டி வெட்டி வர்ற பல்ஸு. அந்த பல்ஸ்னால மோட்டார் ஷாஃப்ட்ல ஒரு வோல்ட்டேஜ் சேரும், அது வெளிய போக நல்ல வழி இல்லேன்னா பேரிங்ல இருக்கற கிரீஸ் படலத்தை ஓட்டை போட்டுட்டு குண்டு வழியா போகும். கண்ணுக்குத் தெரியாத சின்ன சின்ன பொறி, ஆனா லட்சக்கணக்குல. கொஞ்ச மாசத்துல பேரிங் உய்யுன்னு கத்த ஆரம்பிக்கும், கழட்டி குண்டு ஓடற தடத்தை, ரேஸைப் பாத்தீங்கன்னா குறுக்கால வரி வரியா ஒரே அளவு இடைவெளியில கோடு போட்டிருக்கும். கிரீஸ் கறுத்துப் போயிருக்கும். மில்லுல என்ன சொல்வாங்க, டூப்ளிகேட் பேரிங்கு, கடைக்காரன் ஏமாத்திட்டான். ஒரிஜினல் பேரிங் வாங்கி போட்டாலும் அதே கோடுதான் வரும். இதுக்கு வழி இருக்குங்க, டிரைவ்லருந்து மோட்டாருக்கு போற கேபிள் ஷீல்டோ ஆர்மரோ இருக்கறதா போடணும், அந்த ஷீல்டை ரெண்டு பக்கமும் கிளாண்ட்ல சுத்தளவு பூரா புடிக்கற மாதிரி கட்டணும், முறுக்கி ஒரு வாலாட்டம் இழுத்து ஒரு நட்டுல மாட்டி விடறது உதவாது, மோட்டார் பாடியிலருந்து எர்த் ஒயர் நேரா டிரைவோட எர்த் டெர்மினலுக்கே திரும்பி வரணும். ஷாஃப்ட்டுக்கு எர்த் பிரஷ்ஷோ ரிங்கோ போடலாம், பெரிய மோட்டார்னா ஒரு பக்கம் இன்சுலேட்டட் பேரிங் போடலாம். நம்ம பக்கம் நடக்கறது என்னன்னா நாலு தனித்தனி ஒயரை பிவிசி பைப்புல விட்டு, எர்த்தை பக்கத்துல இருக்கற இரும்பு தூணுல கட்டிட்டுப் போயிடறாங்க. எர்த் குழி எப்ப வெட்டுனதுன்னு கேட்டா தாத்தா காலத்துல வெட்டுனதுங்கறாங்க, அதுக்கு தண்ணி ஊத்தி எத்தனை வருஷம் ஆச்சுன்னு அந்த தாத்தாவைத்தான் கேக்கணும்.

கேபிள் நீளத்தையும் சொல்லணும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவுல கேபிள் நீளமா போனா அந்த பல்ஸ் மோட்டார் முனையில மோதி திரும்பறப்ப வோல்ட்டேஜ் ரெண்டு மடங்கு வரைக்கும் எகிறும், 580 வோல்ட் டிசின்னா மோட்டார் டெர்மினல்ல 1100க்கு மேல போய் அடிக்கும். டிரைவுக்குன்னு செஞ்ச மோட்டார் தாங்கும். இருபது வருஷத்து பழைய மோட்டார், நாலு தடவை ரீவைண்டிங் பண்ணது, அது எப்படிங்க தாங்கும்? காயிலோட மொத சில சுத்துலயே ஷார்ட் ஆகி எரியும். ரீவைண்டிங் கடைக்கு அனுப்பறப்ப "இது டிரைவ்ல ஓடற மோட்டார், டூயல் கோட் ஒயர் போடு, வார்னிஷ் நல்லா உள்ள எறங்கட்டும்"னு ஒரு வார்த்தை சொல்லி விட்டா போதும், நல்ல கடைக்காரங்களுக்கு புரியும். தூரத்தைக் குறைக்க முடியாதுன்னா அவுட்புட் சோக் (அந்த பல்ஸை அடக்கற காயில்) போடணும். இன்னொண்ணு, டிரைவ்ல மெதுவா ஓட்டுனா மோட்டாரோட சொந்த ஃபேனும் மெதுவாத்தான் சுத்தும், 15, 20 ஹெர்ட்ஸ்ல முழு லோடு இழுக்க வெச்சா ஈபி லைன் பக்கம் கரண்ட் கம்மியா காட்டும் ஆனா மோட்டார் கை வெக்க முடியாத சூடாகும். அங்க தனியா லைன் குடுத்த ஃபேன் ஒண்ணு வேணும்.

மாட்டற அன்னைக்கே கொல்றதும் நடக்குதுங்க. ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரை எடுத்துட்டு டிரைவ் வெக்கறப்ப மோட்டார் பக்கம் பழைய பிஎஃப் (பவர் ஃபேக்டர்) கெப்பாசிட்டர் இருந்தா கழட்டணும், அதை மறந்து விட்டுட்டு ஆன் பண்ணா டிரைவ் ஓவர்கரண்ட்ல டிரிப் ஆகும், நாலு தடவை ரீசெட் பண்ணி பண்ணி ஓட்டிப் பாத்தா ஐஜிபிடி போயிரும். ஆறு ஒயர் வர்ற மோட்டாரை டெர்மினல் பாக்ஸ்ல டெல்டாவா கட்டணும், ஸ்டாரா விட்டுட்டு "மோட்டார் இழுக்கவே மாட்டேங்குது"ன்னு எனக்கு ஃபோன் பண்ணுவாங்க. ஈபி லைனை மோட்டாருக்கு போற யு வி டபிள்யு டெர்மினல் பக்கம் குடுத்தா ஆன் பண்ண கையோட டிரைவ் காலி. அப்பறம் மெக்கர் (இன்சுலேஷன் பாக்கற மீட்டர்), இது நம்ம ஆளுகளுக்கு ரத்தத்துல ஊறுன பழக்கம், மோட்டார்ல சந்தேகம்னா ஒடனே மெக்கர் எடுத்து சுத்திருவாங்க, டிரைவ் ஒயரைக் கழட்டாம. மெக்கரோட 500 வோல்ட்டோ ஆயிரமோ நேரா ஐஜிபிடி மேல போகும். மோட்டார் நல்லா இருக்குன்னு தெரிஞ்சுரும், ஆனா டிரைவ் செத்திருக்கும்.

ஸ்டோர்ல ஸ்பேர் டிரைவ் வாங்கி வெச்சிருக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், அதை அட்டைப்பெட்டியோட மூணு வருஷம் வெச்சிருந்து அவசரத்துக்கு எடுத்து நேரா முழு லைன் குடுத்தா கெப்பாசிட்டர் தாங்காம வெடிக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கரண்ட் குடுத்து கொஞ்ச நேரம் சும்மா வெச்சிருக்கணும், ரொம்ப நாள் கெடந்ததுன்னா வேரியாக் (வோல்ட்டேஜைக் கூட்டி குறைக்கற டிரான்ஸ்ஃபார்மர்) வெச்சு வோல்ட்டேஜை மெதுவா ஏத்தணும்.

இதெல்லாம் காசு நஷ்டம், போனா சம்பாரிச்சுக்கலாம். உசுரு விஷயம் ஒண்ணு இருக்குங்க. மெயினை ஆஃப் பண்ணாலும் அந்த கெப்பாசிட்டர்ல 580 வோல்ட் டிசி அப்படியே நிக்கும். சின்ன டிரைவுக்கு 5 நிமிஷம், பெருசுக்கு 15 நிமிஷம் கூட ஆகும், எவ்வளவுன்னு டிரைவ் மேலயே எழுதி ஒட்டியிருப்பான், ஆனா இங்கிலீஷ்ல, அதுவும் மூடிக்கு உள்பக்கம். சார்ஜ் லைட் அணைஞ்சா போதும்னு நெனைக்கக் கூடாது, மல்டிமீட்டரை டிசியில வெச்சு ப்ளஸ் மைனஸ் டெர்மினல்ல பாத்து அப்பறம்தான் கை வெக்கணும். நான் வேலை பாத்த ஒரு எடத்துல ஒரு ஹெல்பர் பையன், ஈபி போனதுமே "அண்ணா லைன்தான் இல்லையே"ன்னு ஸ்பேனரை உள்ள விட்டான், கை வெந்து போயி மூணு விரல் மடங்காம நின்னு போச்சு. அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, அவனோட ஃபோர்மேனுக்கே யாரும் சொல்லிக் குடுக்கல. அதே மாதிரி ஆட்டோ ரீஸ்டார்ட்டுன்னு ஒரு செட்டிங் இருக்கு, கரண்ட் போயி வந்தா டிரைவ் தானா மோட்டாரை ஓட்டிரும், ராத்திரி ஷிஃப்ட்ல ஒவ்வொரு தடவையும் போயி ஸ்டார்ட் பண்ண சோம்பேறித்தனப்பட்டு யாராவது ஆன் பண்ணி வெச்சிருவாங்க, ஃபிட்டர் கரண்ட் இல்லைன்னு நம்பி பெல்ட்டுல கை வெச்சிருப்பாரு. ஐசொலேட்டரை எறக்கி பூட்டு போட்டு சாவியை சட்டைப்பைல வெச்சுக்கற பழக்கம் எத்தனை மில்லுல இருக்கு?

விவசாயிகளுக்கும் இது இப்ப வந்திருச்சு. வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்துல குடுக்கற சோலார் பம்பு கன்ட்ரோலர் இருக்கே, உள்ள பாத்தா அதுவும் இதே டிரைவ்தான், சோலார் பேனல்ல வர்ற டிசிய நேரா உள்ள விட்டு மோட்டாருக்கு மூணு ஃபேஸ் செஞ்சு குடுக்குது. இங்க மெயின் ஆஃப் பண்றது கூட உதவாது, வெயில் இருக்கற வரைக்கும் சோலார் பேனல் ஒயர்ல நூத்துக்கணக்கான வோல்ட் டிசி வந்துட்டேதான் இருக்கும். தோட்டத்துல அந்தப் பெட்டிய தொறந்து பல்லி செத்து கெடக்குதான்னு பாக்கறது யாரு, வீட்டுப் பசங்கதான்.

ஈபி பக்கமும் ஒரு பிரச்சனை இருக்கு, ஹார்மோனிக்ஸ். டிரைவ் லைன்லருந்து கரண்ட்டை சீரா எடுக்காம கெப்பாசிட்டர் நெறையற நேரத்துக்கு மட்டும் விட்டு விட்டு உறிஞ்சும், அதனால 50 ஹெர்ட்ஸோட 5, 7, 11 மடங்குல வேண்டாத கரண்ட், அதாவது 5வது, 7வது, 11வது ஹார்மோனிக்ஸ்னு லைன்ல கலக்கும். ஒரு டிரைவ் ரெண்டு டிரைவ்னா தெரியாது. ரிங் ஃபிரேம் பூரா, ஃபேன் பூரா, கம்ப்ரஸர்னு ஐம்பது அறுபது மாட்டுனதுக்கு அப்பறம்தான் டிரான்ஸ்ஃபார்மர் ஏன் பெருசா லோடு இல்லாமயே சூடாகுது, பிஎஃப் பேனல்ல கெப்பாசிட்டர் ஏன் அடிக்கடி வெடிக்குதுன்னு தேடுவாங்க. டிரைவுக்கு இன்புட் சோக் போட்டிருந்தா, பிஎஃப் கெப்பாசிட்டரோட 7 சதவீத ரியாக்டர் போட்டிருந்தா பெரும்பாலும் அடங்கிப்போயிரும். எச்டி (உயர் அழுத்த) சர்வீஸ்ல ஹார்மோனிக்ஸ் அளவு மீறுனா அபராதம் போடற வழியும் இருக்கு, அப்ப டிரைவ் மிச்சம் பண்ண காசு அந்தப் பக்கம் போயிரும்.

எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம் பாராமீட்டர், அதாவது டிரைவுக்குள்ள போட்டு வெக்கற செட்டிங். மெஷினோட வர்ற டிரைவ்களுக்கு சில மெஷின் கம்பெனிக பாஸ்வேர்டு போட்டுடறாங்க. டிரைவ் போச்சுன்னா அதே மாடல் புதுசா வாங்கி மாட்டுனாலும் உள்ள என்ன செட்டிங் இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, அவங்க ஆள் வர்ற வரைக்கும் மெஷின் நிக்கும், அவர் வந்து போற செலவு தனி. வாரண்டி இருக்கற வரைக்கும் பூட்டி வெச்சா ஒத்துக்கலாம், வாங்குனவன் பத்து வருஷம் ஓட்டற மெஷினுக்கு அவன் கையிலயே சாவி இல்லேன்னா எப்படிங்க? பூட்டு இல்லாத டிரைவ்லயும் நம்ம ஆளுக செட்டிங்கை எழுதி வெக்கறதில்ல. டிரைவ் மாட்டுன அன்னைக்கு மோட்டார் தகட்டுல இருக்கற கரண்ட், ஆர்பிஎம், ஆக்ஸிலரேஷன் டைம், டீசிலரேஷன் டைம், எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி பேனல் கதவுலயே ஒரு கவர்ல போட்டு வெச்சா போதும், கீபேட்லயே காப்பி எடுக்கற வசதி கூட நிறைய மாடல்ல இருக்கு. ஒரு மில்லுல ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன் நிக்க ரொம்ப நேரம் ஆகுதுன்னு யாரோ டீசிலரேஷனை 60 செகண்டுலருந்து 5 செகண்டுக்கு மாத்தி வெச்சுட்டாங்க, அத்தாம் பெரிய ஃபேன் வேகத்துல நிக்கறப்ப மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி ஆகி டிசி வோல்ட்டேஜை ஏத்தி விட்டு ஓவர்வோல்ட்டேஜ்ல டிரிப் ஆகிட்டே இருந்துச்சு, மூணு நாள் ஈபி லைன்ல வோல்ட்டேஜ் ஜாஸ்தின்னு ஈபி ஆபீசுக்கு நடந்துட்டு இருந்தாங்க. நோட்டு ஒண்ணு இருந்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

இப்ப நான் என்ன கேக்கறேன்னா, மானியம் குடுக்கறப்ப மாவட்ட தொழில் மையத்துல பில்லும் மிச்சமான யூனிட்டும் பாக்கறாங்க. அதோட இன்னும் நாலு பேப்பர் கேளுங்க, எர்த் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவுன்னு அளந்த ரீடிங், முழு லோடுல நாலு மணி நேரம் ஓடுனதுக்கு அப்பறம் பேனலுக்குள்ள எத்தனை டிகிரி, பாராமீட்டர் லிஸ்ட் பாஸ்வேர்டோட மொதலாளி கையில இருக்கா, அந்த மில்லுல டிரைவை பாத்துக்கற ஆளு யாரு, அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா. ஒரு வருஷம் கழிச்சு அந்த டிரைவ் ஓடுதா, இல்ல டிரைவை ஒதுக்கி பைபாஸ்ல போட்டு பழைய ஸ்டார் டெல்டாவுலயே ஓட்டறாங்களான்னு ஒருத்தர் போய் பாத்துட்டு வரட்டும். பைபாஸ்ல போட்டு வருஷக்கணக்கா ஓட்டற ஃபேன் நிறைய இருக்குங்க, கணக்குல மட்டும் அது கரண்ட் மிச்சம் பண்ணிட்டு இருக்கு. டிரைவ் விக்கற கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள், நம்ம ஊர்ல இத்தனை விக்கறீங்க, ஃபால்ட் கோடும் "கெப்பாசிட்டர் இறங்க காத்திரு"ங்கற எச்சரிக்கையும் தமிழ்ல ஒரு ஷீட் அடிச்சு டிரைவோட போடுங்க, பெட்டிக்குள்ள ஏழெட்டு நாட்டு பாஷை இருக்கு, ஷிஃப்ட்ல நிக்கற பையனுக்குப் புரியற பாஷைதான் இல்ல.

ஐடிஐ எலக்ட்ரீஷியன் சிலபஸ்ல டிரைவ் பாடம் இருக்கறது எனக்குத் தெரியும், 71 அரசு ஐடிஐல டாடா டெக்னாலஜீஸோட சேந்து ரோபோ, சிஎன்சின்னு பெரிய செலவுல கொண்டு வந்ததும் தெரியும், நல்ல விஷயம். ஆனா என்கிட்ட வேலைக்கு வர்ற பசங்க நிறைய பேரு டிரைவை போர்டுல மாட்டி வெச்சதைப் பாத்திருக்காங்க, மூடியக் கழட்டி கெப்பாசிட்டர் எங்க இருக்குன்னு பாத்ததில்ல, ஓவர்கரண்ட் டிரிப் வந்தா மொதல்ல மோட்டார் ஒயரைக் கழட்டிட்டு வெறும் டிரைவை ஓட்டிப் பாக்கணும்னு தெரியல. புது டிரைவைப் பிரிச்சுக் காட்ட எந்த வாத்தியாருக்கும் மனசு வராது, அதுவும் நியாயம்தான். என் ஷெட்டுல எரிஞ்சு போன டிரைவ் நிறைய கெடக்குது, அஞ்சு எச்பியிலருந்து நூறு எச்பி வரைக்கும், பஞ்சு அடைச்ச ஹீட்சிங்க், வெடிச்ச கெப்பாசிட்டர், கோடு விழுந்த பேரிங் எல்லாம் அப்படியே இருக்கு. காயலான் கடையில எடைக்குப் போட்டா பெருசா ஒண்ணும் வராது. கோவை, திருப்பூர் பக்கம் ஐடிஐ வாத்தியாருக யாராச்சும் இதைப் படிச்சா நம்ம பேப்பர் ஆபீஸ் மூலமா சொல்லி விடுங்க, வண்டி கொண்டு வந்தா ஏத்தி விடறேன், ஒரு சனிக்கிழமை கூட வந்து பசங்க முன்னாடி ஒவ்வொண்ணா பிரிச்சுக் காட்டவும் தயார்.

இப்படிக்கு,
டிரைவ் சர்வீஸ் பாக்கற ஒரு பழைய மில் எலக்ட்ரீஷியன்,
பல்லடம்.